வரைபடம் பழையதாகும், நன்மதிப்பு பழையதாகாதா?

'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பது நம் முன்னோர் வாக்கு. எதைக் கொண்டு அளப்பது, அளந்தவன் சொன்ன கணக்கை யார் சரிபார்ப்பது என்பதையெல்லாம் பழமொழி சொல்லவில்லை. கணக்கியல் என்னும் துறை தோன்றியதே அந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடத்தான்.

கணக்கியல் என்றதும் நம்மில் பலர், "அது எண்களை வைத்து மாரடிக்கும் வேலை" என்று ஒதுங்கிவிடுகிறோம். எண்களுக்குப் பின்னால் மனிதர்களின் முடிவுகள் இருக்கின்றன. ஒரு நிறுவனம் இலாபம் என்று காட்டும் தொகையை, அது தேர்ந்தெடுத்த கணக்கியல் கொள்கையே பெரிதும் தீர்மானிக்கிறது. அந்தக் கொள்கைகள் ஆண்டறிக்கையின் பின்பக்கங்களில், பொடி எழுத்துகளில், 'குறிப்புகள்' என்ற தலைப்பின்கீழ் கிடக்கும். முன்பக்கத்தில் சிரிக்கும் முகங்களும் வண்ணப் படங்களும் இருக்கும். நாம் முன்பக்கத்தைப் பார்த்துவிட்டு மூடி வைக்கிறோம்.

இதை விளக்க, நமக்கு நன்கு பழக்கமான ஒரு பொருளை எடுத்துக்கொள்கிறேன்: காருக்குள் உட்கார்ந்து வழி சொல்லும் கருவி. இன்று பெரும்பாலோர் கைப்பேசியில் வேஸ் திறந்துகொண்டு புறப்படுகிறோம். அதற்கு முன்பு, கண்ணாடியில் ஒட்டி வைக்கும் தனிக் கருவிகள் இருந்தன. அவற்றை விற்றவற்றுள் முன்னணியில் நின்றது நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரைச் சேர்ந்த டாம்டாம் நிறுவனம். அதன் கணக்கேடு ஒரு பாடப்புத்தகத்துக்குச் சமம்.

ஏலத்தில் ஏறிய விலை

டாம்டாம் 1991இல் தொடங்கப்பட்டது. 2005இல் ஆம்ஸ்டர்டாம் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. 2007இல் அதன் விற்பனை ஏறத்தாழ 1.7 பில்லியன் யூரோ. நிகர இலாபம் 317 மில்லியன் யூரோ. கருவி தன்னுடையதாக இருந்தாலும், அதற்குள் ஓடும் வரைபடம் வேறொரு நிறுவனத்துடையது. அது டெலி அட்லஸ் என்ற மற்றொரு டச்சு நிறுவனம். உலக அளவில் இத்தகைய வரைபடங்களைத் தயாரித்த பெரிய நிறுவனங்கள் அப்போது இரண்டே. மற்றொன்று அமெரிக்காவின் நாவ்டெக்.

2007 ஜூலையில், பங்கு ஒன்றுக்கு 21.25 யூரோ வீதம் டெலி அட்லஸை வாங்குவதாக டாம்டாம் அறிவித்தது. மொத்தம் ஏறத்தாழ 2 பில்லியன் யூரோ. அக்டோபரில் போட்டி நிறுவனமான கார்மின் 24.50 யூரோ தருவதாகக் குறுக்கே வந்தது. ஒரு வாரத்தில் டாம்டாம் தன் விலையை 30 யூரோவாக உயர்த்தியது. கார்மின் விலகிக்கொண்டு, நாவ்டெக்குடன் நீண்டகால ஒப்பந்தம் செய்துகொண்டது. ஐரோப்பிய ஆணையத்தின் ஒப்புதலுக்குப் பின், 2008 ஜூன் மாதம் டெலி அட்லஸ் டாம்டாமின் கைக்கு வந்தது. விலை 2.9 பில்லியன் யூரோ. அதில் பாதிக்கும் மேற்பட்ட தொகை வங்கிக் கடன்.

இங்கேதான் கணக்காளரின் வேலை தொடங்குகிறது. 2.9 பில்லியன் கொடுத்து வாங்கியது என்ன? வரைபடத் தரவு, மென்பொருள், வாடிக்கையாளர் தொடர்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு போடுவார்கள். எல்லாவற்றையும் கூட்டிய பிறகும் கொடுத்த விலைக்கு எட்டவில்லை என்றால், மிச்சத்துக்கு ஒரு பெயர் வைப்பார்கள். அதுதான் 'நன்மதிப்பு'. டெலி அட்லஸ் கொள்முதலுக்குப் பின் டாம்டாமின் ஏட்டில் இந்த நன்மதிப்பு ஏறத்தாழ 1.9 பில்லியன் யூரோ.

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன என்னைப் போன்றவர்களுக்கு இந்தச் சொல்லில் ஒரு வேடிக்கை உண்டு. மலாய்க் கணக்கியல் நூல்களில் நன்மதிப்புக்குச் சொல் 'முஹிபா'. பள்ளிச் சுவரில் மூவினச் சிறுவர்கள் கைகோத்து நிற்கும் படத்தின் கீழ் எழுதியிருக்கும் அதே முஹிபாதான்! அங்கே அது நல்லெண்ணம். கணக்கேட்டில் அது, கொடுத்த விலைக்கு வேறு காரணம் சொல்ல முடியாத மிச்சத் தொகை. தமிழில் 'நன்மதிப்பு' என்றாலும் அதே கதைதான். பெயர் அழகாக இருப்பதால் பொருளும் உறுதியானது என்று நம்பிவிடுகிறோம்.

தேயும் சொத்து, தேயாத சொத்து

ஒரு லாரி வாங்கினால் ஆண்டுதோறும் அதற்குத் தேய்மானம் போட வேண்டும். வாங்கிய வரைபடத் தரவுக்கும் அப்படியே. அதன் பயன்பாட்டுக் காலத்தை மதிப்பிட்டு, ஆண்டுக்கு ஒரு பகுதியாகச் செலவில் எழுத வேண்டும். இது நியாயம். நம் ஊரையே பாருங்கள். 2022இல் சுக்கே, டாஷ் நெடுஞ்சாலைகள் திறக்கப்பட்டன. அதற்கு முந்திய வரைபடத்தை வைத்துக்கொண்டு அந்தச் சாலைகளில் ஓடினால், திரையில் உங்கள் கார் வீட்டுக் கூரைகளின்மேல் பறந்துகொண்டிருக்கும். வரைபடம் பழையதாகும் என்பதைக் கணக்கியல் ஒப்புக்கொள்கிறது.

நன்மதிப்பு மட்டும் பழையதாவதில்லை! 2004இல் வெளியான ஐ.எப்.ஆர்.எஸ். 3 என்ற அனைத்துலகத் தரநிலை, நன்மதிப்பை ஆண்டுதோறும் கழிக்கும் பழைய முறையை நீக்கியது. அதற்குப் பதிலாக, ஆண்டுக்கு ஒருமுறையேனும் 'மதிப்பிழப்புச் சோதனை' செய்தால் போதும் என்றது. சோதனையில் தேறினால் தொகை அப்படியே நிற்கும். தேறாவிட்டால் ஒரே அடியாக வெட்டுவார்கள்.

டாம்டாமுக்கு அந்த வெட்டு விரைவிலேயே விழுந்தது. வாங்கி ஏழு மாதம்கூட நிறைவடையாத நிலையில், 2008ஆம் ஆண்டுக் கணக்கில் 1,048 மில்லியன் யூரோ நன்மதிப்பு வெட்டப்பட்டது. 2007இல் 317 மில்லியன் இலாபம் காட்டிய நிறுவனம், 2008இல் ஏறத்தாழ 870 மில்லியன் நட்டம் காட்டியது. உலக நிதி நெருக்கடியோடு கருவிகளின் விலை வீழ்ச்சியும் சேர்ந்துகொண்டது. கடன் சுமையைக் குறைக்க, 2009இல் புதிய பங்குகளை வெளியிட்டு 430 மில்லியன் யூரோ திரட்ட வேண்டியதாயிற்று. அதே ஆண்டு அக்டோபரில், ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் வழிகாட்டும் சேவையை இலவசமாகத் தருவதாகக் கூகல் அறிவித்தது. 2011இல் மேலும் 512 மில்லியன் யூரோ வெட்டப்பட்டது. இரண்டு வெட்டும் சேர்ந்து 1,560 மில்லியன். கொடுத்த மொத்த விலையில் பாதிக்கும் மேல்!

இது டாம்டாமுக்கு மட்டும் நேர்ந்ததன்று. நாவ்டெக்கை 8.1 பில்லியன் டாலருக்கு வாங்கிய நோக்கியா, 2011ஆம் ஆண்டின் இறுதிக் காலாண்டில் அந்தப் பிரிவின் நன்மதிப்பில் ஏறத்தாழ 1.1 பில்லியன் யூரோவை வெட்டியது. பின்னர் அந்தத் தொழிலை 'ஹியர்' என்ற பெயரில், ஆவ்டி, பி.எம்.டபிள்யூ., டெய்ம்லர் ஆகிய கார் நிறுவனங்களுக்கு 2015இல் 2.8 பில்லியன் யூரோவுக்கு விற்றது. நாம் நாள்தோறும் பயன்படுத்தும் வேஸையே எடுத்துக்கொள்வோம். கூகல் 2013இல் அதற்குக் கொடுத்தது ஏறத்தாழ 97 கோடி டாலர். அதில் பத்தில் எட்டுப் பங்குக்கும் மேல் நன்மதிப்பாகவே ஏட்டில் ஏறியது.

டாம்டாம் யாரையும் ஏமாற்றியதாக நான் சொல்லவில்லை. விதிப்படிதான் நடந்தது. மதிப்புக் குறைந்ததும் தாமதிக்காமல் வெட்டிக் காட்டியது பாராட்டத்தக்கது. விதியே போதுமானதா என்பதுதான் என் கேள்வி.

சோதனைத் தாளை எழுதுபவரே திருத்தலாமா?

மதிப்பிழப்புச் சோதனை எப்படி நடக்கிறது? வாங்கிய தொழில் வருங்காலத்தில் எவ்வளவு பணம் ஈட்டும் என்று நிர்வாகம் கணிக்கும். அந்தத் தொகையை ஒரு கழிவு விகிதத்தால் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவரும். ஏட்டில் உள்ள தொகையைவிட அது கூடுதல் என்றால் தேர்ச்சி.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு தொழில் அடுத்த ஆண்டு 100 மில்லியன் ஈட்டும். பிறகு ஆண்டுக்கு 2 விழுக்காடு வளரும் என்று வைத்துக்கொள்வோம். கழிவு விகிதம் 10 விழுக்காடு என்றால் இன்றைய மதிப்பு 1,250 மில்லியன். அதையே 9 விழுக்காடு என்று வைத்தால் ஏறத்தாழ 1,430 மில்லியன். ஒரே ஒரு விழுக்காட்டில் 180 மில்லியன் முளைத்துவிடுகிறது! தணிக்கையாளர் கேள்வி கேட்பார், உண்மைதான். ஆனால், நாளை கைப்பேசி வந்து தனிக் கருவிகளை விழுங்கும் என்று முன்கூட்டியே அடித்துச் சொல்ல எந்தத் தணிக்கையாளரால் முடியும்? கணிப்பைப் போடுபவர் யார்? அந்த விலை கொடுத்து வாங்கலாம் என்று முடிவெடுத்த அதே நிர்வாகம். தேர்வு எழுதிய மாணவனிடமே விடைத்தாளைத் திருத்தக் கொடுப்பது போன்றது இது.

அதனால்தான், நன்மதிப்பையும் ஆண்டுதோறும் பகுதி பகுதியாகக் கழிக்கும் முறை திரும்ப வேண்டும் என்கிறேன்.

"பத்தாண்டு என்று நீ எதை வைத்துச் சொல்வாய்? அதுவும் குத்துமதிப்புதானே?" என்று வகுப்பில் நண்பர்கள் மடக்குவதுண்டு. உண்மைதான். ஆனால், லாரிக்கும் மென்பொருளுக்கும் நாம் போடும் ஆயுள்கூட மதிப்பீடுதான். சற்றுத் தவறான ஆயுள் என்பது, ஆயுளுக்கு முடிவே இல்லை என்பதைவிட உண்மைக்கு நெருக்கமானது. "ஆண்டுதோறும் கழித்தாலும் 2008இன் வெட்டு விழுந்திருக்குமே" என்பது அடுத்த வாதம். அதுவும் சரி. அரையாண்டுக் கழிவு அந்தப் பள்ளத்தை நிரப்பியிருக்காது.

ஆனால், வாங்கும் நாளை நினைத்துப் பாருங்கள். 1.9 பில்லியனைப் பத்தாண்டில் கழிக்க வேண்டுமென்றால் ஆண்டுக்கு 190 மில்லியன் செலவு. 2007இல் டாம்டாம் ஈட்டிய 317 மில்லியன் இலாபத்தில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு! பத்தாண்டுக்கு ஒவ்வோர் ஆண்டும் பங்குதாரர்முன் இந்தச் செலவைக் காட்டியாக வேண்டும் என்ற நிலை இருந்திருந்தால், 21.25 யூரோவிலிருந்து 30 யூரோவுக்கு ஒரே தாவாகத் தாவியிருப்பார்களா? தாவியிருக்கலாம், போட்டியாளரிடம் வரைபடம் போய்விடும் என்ற அச்சமும் பெரிது. ஆனாலும் ஒருமுறைக்கு இருமுறை யோசித்திருப்பார்கள். நல்ல கணக்கியல் விதி, நடந்ததைப் பதிவு செய்வதோடு நிற்பதில்லை. நடக்கப் போவதையும் நிதானப்படுத்தும்.

இதில் நம் நாட்டுக்கே உரிய ஒரு முரண்பாடும் உண்டு. கிள்ளானில் ஒருவர் சிறிய செண்டிரியான் பெர்ஹாட் வைத்திருக்கிறார். பக்கத்துக் கடையை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் எம்பெர்ஸ் என்னும் தனியார் நிறுவனத் தரநிலையைப் பின்பற்றினால், அந்த நன்மதிப்பை ஆண்டுதோறும் கழித்தாக வேண்டும். ஆயுளை உறுதியாகக் கணிக்க முடியாவிட்டால் பத்தாண்டுக்கு மேல் போகக் கூடாது. புர்சா மலேசியாவில் இடம்பெற்ற பெருநிறுவனம் ஒன்று பில்லியன் கணக்கில் வாங்கினால், எம்.எப்.ஆர்.எஸ். விதிப்படி கழிக்கவே வேண்டாம். பொதுமக்களின் பணத்தைக் கையாளும் பெரியவருக்கு நெகிழ்வு. தன் சொந்தக் காசைப் போட்ட சிறியவருக்குக் கண்டிப்பு. இது என்ன நியாயம்? ஜப்பானின் உள்நாட்டுத் தரநிலை, இருபதாண்டுக்குள் கழிக்க வேண்டும் என்கிறது. அனைத்துலகத் தரநிலை வாரியமோ இதை மறுபடி ஆராய்ந்துவிட்டு, 2022 நவம்பரில் சோதனை முறையே தொடரட்டும் என்று முடிவு செய்தது. அம்முடிவு தவறு என்பது என் கருத்து.

'வாழ்நாள்' யாருடையது?

சொத்துப் பக்கத்தில் இவ்வளவு தாராளமாக இருக்கும் கணக்கியல், வருமானப் பக்கத்தில் எவ்வளவு கறாராக இருக்கிறது தெரியுமா? வழிகாட்டிக் கருவிகளை 'வாழ்நாள் முழுதும் இலவச வரைபடம்' என்று சொல்லி விற்றார்கள். விலையைக் கடையிலேயே வாங்கிவிட்டார்கள். ஆனால், வரைபடத்தைப் புதுப்பித்துத் தரும் வேலை இனிமேல்தான்.

600 ரிங்கிட் கருவி ஒன்றில் 120 ரிங்கிட் வரைபடச் சேவைக்கு உரியது, கருவியின் ஆயுள் நான்காண்டு என்று கற்பனையாக வைத்துக்கொள்வோம். விற்ற நாளில் வருமானமாக எழுதக்கூடியது 480 மட்டுமே. மீதி 120 'ஒத்திவைத்த வருமானம்' என்ற பெயரில் கடன் பக்கத்தில் உட்காரும். ஆண்டுக்கு 30 வீதம் வருமானமாக மாறும். காசு பெட்டிக்கு வந்துவிட்டாலும், வேலை முடியாதவரை அது வாங்கியவருக்குப் பட்ட கடன். இங்கே 'வாழ்நாள்' என்பது வாங்கியவரின் வாழ்நாளன்று, கருவியின் வாழ்நாள்! விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருந்த சொல்லின் பொருளை, குறிப்புகளின் பொடி எழுத்துத்தான் சொல்கிறது.

இந்தக் கொள்கையை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால், இதன் விளைவாக ஒரு புதுப் பழக்கம் வந்துவிட்டது. டாம்டாம் பிற்காலத்தில் கார் தயாரிப்பாளர்களுக்கு வரைபடமும் மென்பொருளும் வழங்கும் தொழிலில் ஊன்றியது. இன்று ஒப்பந்தம் கிடைத்தால், அந்தக் கார் சந்தைக்கு வரச் சில ஆண்டுகள். விற்ற காருக்குச் சேவை தர மேலும் சில ஆண்டுகள். எனவே வருமானம் மெல்ல மெல்லத்தான் ஏட்டில் ஏறும். பொறுமையில்லாத முதலீட்டாளருக்காக, ஒத்திவைத்த தொகையின் மாற்றத்தைச் சரிக்கட்டி, 'செயல்பாட்டு வருமானம்' என்ற தனிக் கணக்கை நிறுவனம் வெளியிட்டு வந்தது. கிடைத்த ஒப்பந்தங்களிலிருந்து வருங்காலத்தில் எதிர்பார்க்கும் வருமானத்தைக் கூட்டி, 'கையிருப்பு ஒப்பந்த மதிப்பு' என்று இன்னொன்று. இவை பயனுள்ள தகவல்கள், மறுக்கவில்லை. ஆனால், எத்தனை கார் விற்கும் என்ற கணிப்பின்மீது நிற்கும் எண்ணும், வாடிக்கையாளருக்கு வேலை செய்து முடித்து ஈட்டிய எண்ணும் ஒரே வரிசையில் உட்காரத் தகுமா?

2027 முதல் நடைமுறைக்கு வரும் ஐ.எப்.ஆர்.எஸ். 18, நிறுவனங்கள் தாமாக வகுத்துக்கொள்ளும் இலாபக் கணக்குகளைத் தணிக்கைக்கு உட்பட்ட குறிப்பில் விளக்கச் சொல்கிறது. நல்ல முன்னேற்றம். ஆனால், வருமானத்தை மட்டும் சரிக்கட்டும் கணக்கு அந்த வலைக்குள் சிக்காது. அந்த ஓட்டையையும் அடைக்க வேண்டும்.

நமக்கு என்ன வந்தது?

"ஆம்ஸ்டர்டாமில் யாரோ நட்டப்பட்டால் நமக்கென்ன?" என்று கேட்கலாம். ஊழியர் சேமநிதியில் நம் பெற்றோரின் வியர்வை இருக்கிறது. அந்த நிதி உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் நிறுவனப் பங்குகளில் முதலீடு செய்கிறது. தோட்டத்தில் பால் மரம் சீவியவரும், தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்தவரும், தம்மை அறியாமலே பங்குதாரர்கள். அவர்களுள் எத்தனை பேருக்கு, ஆண்டறிக்கையில் இருப்பது என்னவென்று தாய்மொழியில் சொல்ல ஆள் இருக்கிறது?

அந்த வேலை நம்முடையது. கணக்கியல் படிக்கும் தமிழ் மாணவர்கள் ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் இருக்கிறோம். பட்டம் வாங்குகிறோம், பெரிய தணிக்கை நிறுவனங்களில் சேர்கிறோம், அதோடு சரி. படித்ததை ஆங்கிலத்திலேயே பூட்டி வைத்துவிடுகிறோம். 'ஒத்திவைத்த வருமானம்', 'மதிப்பிழப்பு' என்ற சொற்கள் தமிழில் இல்லாமலில்லை. அவற்றைப் பேசுவோர்தாம் இல்லை. பேசினால், மாதம் இத்தனை விழுக்காடு இலாபம் என்று வரும் திட்டக்காரர்களிடம், "உங்கள் கணக்கின் குறிப்புகளைக் காட்டுங்கள்" என்று கேட்கும் துணிவு நம் வீடுகளிலும் பிறக்கும்.

தொடக்கத்துக்கு மூன்று கேள்விகள் போதும். எந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கை கையில் கிடைத்தாலும் பின்பக்கம் திருப்புங்கள். மொத்தச் சொத்தில் நன்மதிப்பு எத்தனை பங்கு? வாங்கிய காசில் இன்னும் வேலை செய்யாத தொகை எவ்வளவு? முன்பக்கத்தில் பெரிதாக அச்சிட்ட எண், தணிக்கை செய்த கணக்கில் உள்ளதுதானா? இம்மூன்றுக்கும் விடை தெரிந்தால், அந்த நிறுவனம் செல்லும் வழி பாதியாவது விளங்கிவிடும்.

அளந்து போடச் சொன்ன சமுதாயம் நாம். அளவுகோல் சரியா என்று கேட்கவும் பழகுவோம்.